உயிரோடிருப்பவர்கள் பக்கம்

நம் வீடு,
1918 நவம்பர் கடைசி வியாழன்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் கணவர் கவ்ரிலா அவர்களுக்கு,

ஆண்டவர் உங்களை எங்கே வைத்திருக்கிறாரோ, அங்கேயே இந்தக் கடிதம் வந்து சேரட்டும். உங்கள் மனைவி ரஃபிலா எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே ஊர்க்கூட்டம் நடந்தது. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. பலிபீடத்துக்கு முன்னால் வலேரியு சாமியார். மேசையில் காகிதத்தோடு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஔரெல். முன்வரிசையில் மேல்தெரு தோடெரும் மற்ற வயசாளிகளும். போர்முனையிலிருந்து திரும்பியவர்களில் ஃபிலிமோனும், ஒரு கை இழந்த கொல்லனும். இடப்பக்கம் பெண்கள் நாங்கள். எனக்கு அடுத்து உங்கள் அம்மா, மடியில் நம் மகள் அனிக்கா. போலீஸ்காரர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் இரவோடு இரவாகப் போய்விட்டார்கள், நாற்காலியைக்கூட விட்டுவிட்டு.

கோயில் மணியைப் பீரங்கி வார்க்கக் கழற்றிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். அதனால் மரப்பலகையை அடித்துத்தான் ஊரைக் கூப்பிட்டார்கள். ஆனாலும் மணிக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு வந்தார்கள்.

விஷயம் இதுதான். பேரரசர் அரியணையை விட்டு இறங்கிவிட்டார். திரான்சில்வேனியாவில் இருக்கிற நம் ஜனங்கள் இனி யாரோடு இருக்க வேண்டும் என்று ஆல்பா யூலியா நகரில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாமே முடிவு செய்கிறோம். ருமேனியாவோடு சேருவது என்பதுதான் எல்லார் வாயிலும். ஒவ்வொரு ஊரும் தன் ஆளை அனுப்ப வேண்டும். அவர் கையில் ஊரார் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்க வேண்டும். நம் ஊருக்கு ஆசிரியர் போகிறார். வீட்டுக்கு ஒரு பெயர். எழுதத் தெரியாதவர்களுக்குச் சிலுவைக்குறி.

அதற்கு முன்னால் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் தேடுவீர்கள். மக்காச்சோளம் அடுத்த அறுவடை வரை களிக்குப் போதும், பன்றிக்கும் கொஞ்சம் மிஞ்சும். பசு சினையாக இருக்கிறது. வைக்கோலில் பாதியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, மீதியை மாட்டுக்கு அளந்து போடுகிறேன். அனிக்காவுக்கு அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது, அன்னை மரியாள் தயவால் போய்விட்டது. கீழ்த்தெருவில் எல்லா வீட்டிலும் அப்படிப் போகவில்லை.

ஆசிரியர் எடுத்துப்போகிற நம் ஜனத்தின் கொடிக்குச் சிவப்பும் நீலமும் கிடைத்துவிட்டன, மஞ்சள் துணி மட்டும் ஊரிலேயே இல்லை. வெங்காயத் தோலில் முக்கினார்கள், ஈஸ்டர் முட்டை நிறத்தில் வந்தது. நான் காட்டு ஆப்பிள் மரப்பட்டையைப் படிகாரம் போட்டுக் காய்ச்சி மஞ்சளாக்கிக் கொடுத்தேன். தடையாயிருந்த இந்த மூன்று நிறத்தில் நாடா கட்டினதற்காகப் போலீஸ்காரன் என் பின்னலைக் கத்தரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது பார்த்துப் பொசுங்க அவன்தான் இல்லை.

இனி மனதைக் கஷ்டப்படுத்தும் விஷயம். நீங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். பூசையில் வாசிக்க நம் வீட்டுப் பெயர்களை எழுதிக் கொடுப்போமே, ஒரு பக்கம் உயிரோடிருப்பவர்கள், மறுபக்கம் இறந்தவர்கள். உங்கள் பெயரை மறுபக்கம் மாற்றச் சொல்லி அம்மா இந்த இலையுதிர் காலம் முழுக்க என்னிடம் கேட்டார்கள். நினைவுச் சடங்குக்கு அவிப்பதற்குக் கோதுமைகூட எடுத்துவைத்தார்கள். இத்தாலியில் பியாவே ஆற்றைக் கடந்த பிறகு உங்களைப் பார்க்கவில்லை என்று ஃபிலிமோன் சொன்னதுதான் காரணம். மகனின் ஆத்துமா மன்றாட்டு இல்லாமல் தவிக்கக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை மாற்றவும் இல்லை.

கூட்டத்தில் நம் வீட்டு முறை வந்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். தோடெர் எழுந்துவிட்டார். மேய்ச்சல் நிலம் பிரிக்கும்போது இருக்கிற வழக்கம்தான் இதற்கும் என்றார். புருஷன் இருந்தால் புருஷன் பேச வேண்டும், செத்திருந்தால் விதவை பேசலாம், நடுவில் ஒன்றும் கிடையாது. ஆசிரியர் நல்ல மனசோடுதான் என் பக்கம் குனிந்து, காகிதத்துக்காக மட்டும் விதவை என்று போட்டுவிடு அம்மா, வீட்டுக் குரல் வீணாகக் கூடாது என்றார்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் நம் ஜனங்கள் கூடிய பிளாஜ் வயலுக்கு நடந்தே போய், அடிமை வேலை ஒழிக என்று அத்தனை ஆயிரம் பேரோடு நின்றவர். அந்த வீடு இன்று வாய் திறக்காமல் இருப்பதா? திறக்க வேண்டுமானால் என் வாயாலேயே உங்களைக் கொல்வதா?

மாட்டேன் என்றேன். தோடெர் சிரித்தபடி, "அவன் இத்தாலியிலேர்ந்து கத்தினா நமக்குக் கேக்குமாடி?" என்றார்.

"பேரரசர் வியன்னாவுலதான இருந்தார் மாமா, நாம கத்தினது அவருக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

கோயில் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டார்கள். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பலிபீடத்தின் எதிரே நிற்கிறாய், தெரியாததைச் சத்தியம் செய்யாதே ரஃபிலா என்றார். அது என்னைச் சுட்டது. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு சொன்னேன்: "சத்தியம் பண்ணல சாமி. அவர் செத்ததைக் கண்ணால பாத்தவங்க யாரும் இருந்தா இப்பவே எழுந்து சொல்லட்டும். நான் விதவைன்னு போடறேன்."

ஃபிலிமோனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பார்க்கவில்லை, பின்வாங்கின கூட்டத்தில் பிரிந்துபோனோம், அவ்வளவுதான் என்றான். வேறு யாரும் எழவில்லை. அப்போது என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. உங்கள் அம்மா எழுந்து நின்றார்கள்.

"எழுதட்டும் சாமி," என்றார்கள். "பெத்தவ நான் சொல்றேன். அவன் இருக்கான்."

இறகுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். நான் யாரிடமும் பாடம் படிக்காமல் செபப் புத்தகத்தைப் பார்த்தே எழுத்துக் கற்றவள். என் எழுத்து அழகில்லை என்று நீங்களே கேலி செய்வீர்கள். அன்றைக்கு நேராக வந்தது. கவ்ரிலா, அவர் மனைவி ரஃபிலாவின் கையால் என்று எழுதினேன். எனக்குப் பின்னால் கீழ்த்தெரு பெண்கள் சிலரும், ஆள் திரும்பாத வீட்டுக்காரிகள், அப்படியே கேட்டு வாங்கி எழுதினார்கள். தோடெர்தான் கடைசியில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், முணுமுணுத்தபடி. அம்மா எடுத்துவைத்த கோதுமையை அன்று சாயங்காலமே கோழிக்குப் போட்டுவிட்டார்கள்.

நான் எழுதிய கடிதங்களில் இரண்டு பிரிக்காமலேயே திரும்பி வந்தன. எல்லாரும் அதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். உங்கள் அப்பா காலத்தில் நம் ஜனங்கள் வியன்னாவுக்கு எழுதின மனுவும் பிரிக்காமல்தான் திரும்பியது. அதற்காக எழுதினவர்கள் எழுதுவதை விட்டார்களா? எழுதினதற்காகச் சிறைக்குப் போனார்கள், வந்து மறுபடியும் எழுதினார்கள். திருப்பி அனுப்பின பேரரசு இன்று இல்லை, எழுதின ஜனம் இருக்கிறது. நானும் அந்த ஜனத்தில் ஒருத்திதான்.

ஆசிரியர் நாளைக் காலையில் வண்டியேறுகிறார். ஊர்க் காகிதம் அவர் சட்டைப்பையில் ஒரு பக்கம், இந்தக் கடிதம் மறுபக்கம். ஆல்பா யூலியாவில் செஞ்சிலுவைக்காரர்களிடம் சேர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. குளிரில் மார்பைத் திறந்து போடாதீர்கள். உங்கள் பெயரில், உங்களைக் கேட்காமல், ஊர் முன்னாலும் பலிபீடத்தின் முன்னாலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது உங்களுக்குச் சம்மதம்தானா என்று நீங்களே உங்கள் கையால் எழுத வேண்டும். ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி,
ரஃபிலா