ஆட்டுக்கால் சாற்றில் கலந்தது

பொழிச்சலூர்
18.8.2007

மஸ்கட்டில் ஒரே அறையில் வாழும் ஐவரே! எங்கள் ஊர்க் கபடிக் குழுவின் பெயரை மாவட்டமெங்கும் ஒலிக்கச் செய்த ஆட்டக்காரர்களே! குழுத்தலைவர் லோகநாதன் அண்ணா அவர்களே! வணக்கம்.

நலம் கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. குடியை விட்ட என் கணவருக்கு என் கையாலேயே குடியை ஊட்ட வைத்தீர்கள். உங்கள் மீது நான் சாட்டும் குற்றம் இதுவே. அண்ணா, மற்ற நால்வரும் கேட்க இதை உரக்கப் படியுங்கள்.

என் கணவர், உங்கள் ஏகநாதன், தாம்பரத்தில் நின்றிருந்த பேருந்தின் கடைசிப் படியில் கால் பிசகி விழுந்தார். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கியபோதும் நடுக்கோட்டைத் தொட்டு மீண்டவருக்கு, ஒரு முழ உயரத்தில் இடுப்பருகே தொடையெலும்பு முறிந்தது. பழைய ஆட்டத்தில் பட்ட அடி என்று நீங்கள் அங்கிருந்தே தீர்ப்பளித்தீர்கள். மருத்துவரோ படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றே கேட்டார்: "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" இருபது என்றதும், "வயசு நாற்பத்துநாலு. எலும்பு எழுபதைத் தாண்டிடுச்சு சார்" என்றார்.

எலும்பு நாள்தோறும் கரைகிறது. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. கட்டும் வேலையை மது முடக்கிவிடுகிறது. குடியை விட்டால் சில வாரங்களிலேயே அவ்வேலை மீண்டும் தொடங்கும் என்றார் மருத்துவர். இழந்தது முழுவதும் திரும்பும் என்று அவர் உறுதி கூறவில்லை. மீண்டும் குடித்தால், அறுவையில் பொருத்திய தகடும் திருகாணியும் பற்றி நிற்க எலும்பு இராது, மறுபடி அறுக்க நேரும், தம் பட்டறையில் நின்று செய்யும் கடைசல் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

எழுபது நாள் அவர் தொடவில்லை. முதல் வாரம், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, "மேடையில கிழிக்கிறியே, அத்தெல்லாம் அங்கியே வெச்சிக்கோ!" என்று, மதுவிலக்கு மேடைகளில் பேசும் என்னைத் திட்டித் தீர்த்தார். சென்ற வாரம் எடுத்த படத்தில், முறிவின் குறுக்கே மெல்லிய வெண்படலம் தெரிந்தது. அதைப் பால்காரரிடம்கூடக் காட்டினார்: "இன்னா அப்டி பாக்குற? எலும்பு முளைக்குதுபா எனக்கு!"

வியாழனன்று, விடுப்பில் ஊர் வந்திருக்கும் உங்கள் பக்கத்து அறை முகிலன் தூக்குப் பாத்திரத்தோடு வந்தான். "அண்ணி, கேப்டன் சொல்லி அனுப்பிச்சாரு. ஆட்டுக்கால் சூப்பு. அண்ணனுக்குச் சூடா குடு" என்றான். மகிழ்ந்தேன், அண்ணா. நீங்கள் மறக்கவில்லையே என்று மகிழ்ந்தேன். தலையை நிமிர்த்திப் பிடித்து நானே புகட்டினேன். மிளகும் பூண்டும் மது வாடையை மறைத்துவிட்டன. முதல் குவளையை அவர் மூச்சு விடாமல் குடித்தார். "இன்னொண்ணு ஊத்து, ஜெயா" என்றார். எழுபது நாளாக நான் கேட்காத குரல் அது. மீதியை முகர்ந்து பார்த்தேன், சாக்கடையில் கொட்டினேன்.

முகிலனுக்கு என் கோபமே விளங்கவில்லை. "மேட்ச்சுக்கு முன்னாடி நம்ம பசங்க குடிக்கிறதுதானே அண்ணி? ஒரு மூடி பிராந்திதான். எலும்பு இறுகிடும்" என்றான். ஆடுகளத்தில் இருபது ஆண்டு நீங்கள் நடத்திய வழக்கத்தின் முழு அறிவும் இவ்வளவுதான்! இறுகியதா? என் வீட்டுக் கட்டிலை வந்து பாருங்கள்!

உங்களை அழைத்துச் சொன்னேன். "இன்னாம்மா, ஒரு மூடிக்குப் பொதுக்கூட்டமே போட்டுடுவ போல கீதே!" என்றீர்கள். பின்னால் நால்வர் சிரித்தது கேட்டது. ஊரெல்லாம் மதுவுக்கு எதிராக முழங்கிய நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்று முதல் அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. வாசலையே பார்த்துக் கிடக்கிறார். நாளை மாலை முகிலன் மறுபடியும் கொண்டுவருவான். தடுத்தால், "கேப்டன் சொன்னா நிறுத்திடறேன் அண்ணி" என்கிறான். கதவை நான் பூட்டலாம். நான் அவர் பட்டறையைப் பார்க்கவோ கடைக்கோ போகாமல் எத்தனை நாள் காவல் இருப்பேன்? தலைவர் சொல்லைத் தட்டும் வழக்கம் உங்கள் குழுவில் எவருக்கும் கிடையாது. என் கணவருக்கும் கிடையாது.

நம் தெரு சுவிசேஷமுத்து இன்று மாலை அங்கே வர விமானம் ஏறுகிறார். நாளைக் காலை இக்கடிதம் உங்கள் கையில் இருக்கும். உங்கள் ஐவரின் எலும்பும் உறுதியோடு இருக்கட்டும். அதற்கும் நான் வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணா, கடிதத்தை மடிக்கும் முன் தொலைபேசியை எடுங்கள். முதலில் முகிலனிடம், வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து உங்கள் ஏகநாதனிடம், குடிக்காதே என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லி ஆயிற்று. இனி உங்கள் வாயிலிருந்து வரட்டும். இன்றே, இப்போதே!

இப்படிக்கு,
ஜெயக்கொடி ஏகநாதன்