நான்காவது சில்லு

மார்ச் 24, திங்கள்
நான்காவது கார்ச் சில்லில், போல்ட் துளைக்குப் பக்கத்தில், மெல்லிய கோடு. என் தலைமயிர் என்று நினைத்து ஊதினேன். போகவில்லை.

வெளியே ஆலங்கட்டி மழை. நான் வேலை செய்யும் கராஜில் ஹீட்டர் பழுது.

சில்லுகள் ரவி மாமாவுடையவை. சனிக்கிழமை சிந்து அக்காவின் கலியாணம். மகளை ஏற்றிக்கொண்டு எங்கள் பிராண்டேயிலிருந்து ஓடென்ஸ நகருக்கு, மோட்டர்வேயால். அதற்குள் நாலும் மினுங்க வேண்டுமாம். பனிக்குத் தெருவில் தூவும் உப்பு மேல்பூச்சுக்குள் புகுந்து அலுமினியத்தில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை வெள்ளையாக. பூச்சு உரித்தாயிற்று. இனி சாண்ட்பேப்பர் 400, 800, 1500. பிறகு பொலிஷ்.

இன்று வெளியில் பேசியவை: ஹாய். ஓம். ஓம். சாப்பிட்டன்.

25, செவ்வாய்
கராஜ்கார யோகன் அண்ணைக்குக் கோட்டைக் காட்டினேன். காதில் போன். தள்ளி நின்றே பார்த்தார்.

"அது கீறல், பிள்ளை. உரஞ்ச உரஞ்சப் போயிடும்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்?

800 முடிந்தது. கோட்டில் இன்னும் நகம் தடுக்கிறது.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். விடை தெரியும். ஆசிரியை காத்திருப்பார், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், தெரியாது என்று தலையாட்டிவிடுவேன். ஒன்பதாம் வகுப்போடு விட்டதும் அதனால்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மட்டும் சிந்து அக்கா எனக்காகச் சொல்லிவிடுவா.

பால் வாங்க மறந்துபோனேன். அம்மா முதியோர் இல்ல வேலையால் வந்து காலில் சப்பாத்தோடேயே படுத்துவிட்டா.

26, புதன்
மூன்று சில்லு முடிந்தது. கண்ணாடி மாதிரி. என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது.

நான்காவதில் எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கோட்டில் மட்டும் எண்ணெய் திரும்பக் கசிந்திருந்தது. கீறல் எண்ணெய் குடிக்காது. இது வெடிப்பு. வேகத்தில் சில்லே பிளந்துவிடும்.

"அண்ணை, இது..." என்று தொடங்கினேன். கம்ப்ரசர் இரைந்தது. அவர் அதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கே என்னை அடிக்க வேண்டும் போல.

மத்தியானம் மிச்சத்தையும் மினுக்கி முடித்தேன். இப்போது கோடு யாருக்கும் தெரியாது. அதையும் நான்தான் செய்தேன்.

பேசியவை: ஹாய். ஒண்டுமில்லை.

27, வியாழன்
வெயில். ரவி மாமா நேரத்துக்கே வந்துவிட்டார். சில்லுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். கலியாணச் சாப்பாட்டுக்கு முந்நூறு பேராம், மண்டபத்தில் இருக்கக் கதிரை காணாதாம்.

"நல்லா மினுங்குது. இனி இவவின்ர நாக்கையும் கொஞ்சம் பொலிஷ் பண்ணி விடு, யோகன்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டயர் போட்டு மூன்றைக் காரில் பூட்டியாயிற்று.

"நாலாவதை உருட்டிக்கொண்டு வா, பிள்ளை" என்றார் யோகன் அண்ணை.

மேசையில், டயர்களில் பெயர் எழுதும் மஞ்சள் பெயின்ட் பேனை. எடுத்தேன். மினுக்கிய அலுமினியத்தின் மேல், அந்தக் கோட்டைச் சுற்றி, பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். பிறகு சில்லை அவர்களிடம் உருட்டிக்கொண்டு போனேன்.