இடம் மாறிய இரண்டு சீட்டுகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அது வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி தினமும் ஒரு புகாரோடு எழுந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாளே, என்னமோ ஏதோ என்று பதறாதே. போனில் என்றால் நடுவில் நீ குறுக்குக் கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். இதை முழுசாகச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சின்னவளாக என்னோடு, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் எங்கள் செடிக் காப்பகத்துக்கு வந்தபோது, எல்லாரும் உன் கன்னத்தைக் கிள்ள, அவர் மட்டும் குனிந்து உன் காலுறையில் ஒட்டியிருந்த விதையைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாரே, அவர்தான். காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் முதன்முதலாகக் காட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்று அவர் மனு கொடுத்தபோது, எதுக்கும்மா, கொத்தமல்லி பறிக்கவா என்று மேலதிகாரி சிரித்தாராம். ஏழு மாதம் கழித்து இரண்டு வண்டி நிறையச் செடியோடு வந்து அந்த மேலதிகாரியின் மேசை மேலேயே இறக்கினாராம். போகிற ஊரில் எல்லாம் டாக்டர் வந்திருக்காங்க என்று காய்ச்சல்காரர்களைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்துவார்களாம். நான் செடிக்கு டாக்டருப்பா என்றால் விடுவார்களா, அப்போ செடியாவது குடுங்க என்பார்களாம். வரைபடத்தில் ஒன்றுமே போடாமல் வெள்ளையாக விட்டிருந்த மலைகளில் எல்லாம் அந்த மனுஷி நடந்திருக்கிறார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் செடிகள். அதில் பாதிக்குமேல் தாளில் வைத்து ஒட்டியது இந்தக் கை. பள்ளிக்கூடத்தில் எங்கம்மா பசை தடவற வேலை பாக்கறாங்க என்று நீ எழுதிவைத்தாயே, அதே கை.

அவர் கண்டுபிடித்ததில் ஒரு நீலப் பூச்செடி உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று அவரே பேர் வைத்து எழுதினார். ஆனால் செடித்தாளில் ஒட்டிய சீட்டில் குறித்திருந்த மலை உச்சிக்கு யார் போய்த் தேடினாலும் அது கிடைக்கவில்லை. அவரே மூன்று தரம் போனார். மூன்றாவது தரம் அறுபத்தாறு வயது, இரண்டு தடி ஊன்றிக்கொண்டு. வெறுங்கையோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, செடி பொய் சொல்லாதும்மா, என் கண்ணுதான் எங்கயோ தப்பு பண்ணுது என்றார். அவர் காலமான பிறகு ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும். அந்த அம்மா பேருக்கு ஆசைப்பட்டு இடத்தையே இட்டுக்கட்டிவிட்டார் என்று ஒரு பேராசிரியர் எழுதியே விட்டார். புதிதாக அச்சாகப் போகிற தாவரப் பட்டியலில் இருந்து நீலப் பூவை எடுத்துவிட்டு, இவர் குறித்த மற்ற இடங்களையும் நம்புவதற்கில்லை என்று ஒரு வரி சேர்ப்பதாகப் பேச்சு. ஒரே வரி. நாற்பது வருஷ நடை அதில் போய்விடும்.

நீலப் பூவை எடுத்துவந்த முதல் பயணத்தின் குறிப்பேடு திரும்பும் வழியில் ஆற்றில் விழுந்து, எடுத்துக் காயவைத்ததில் செங்கல் மாதிரி ஒட்டிப்போய், இருபத்தேழு வருஷமாக ஒரு பெட்டியில் கிடந்தது. போன மாதம் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக்காரப் பெண் அதிகாரி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, இதைப் பிரிக்க உங்க கையாலதான் முடியும் என்றாள். ஈரத்துணி, நீராவி, எலும்புக் கத்தி, ஒரு நாளைக்கு ஆறு பக்கம். மையில் எழுதியது எல்லாம் கரைந்துவிட்டது. பென்சிலில் எழுதியது அப்படியே இருக்கிறது. கேள் தங்கம். காய்ச்சல் நூற்று மூன்று, மழை, இன்று பன்னிரண்டு செடிகள் என்று ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் எழுத்து தாறுமாறாக ஓடுகிறது, ஆனால் இலைக்கு எத்தனை பல் என்று எண்ணிப் போட்டிருக்கிறார். தாள் நனைந்துவிட்டது என்று போர்த்தியிருந்த கம்பளியைக் கிழித்துச் செடிகளுக்குச் சுற்றிவிட்டு, இரவு குளிர் அதிகம் என்று மட்டும் எழுதியிருக்கிறார். குறை சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. இப்படி ஒரு மனுஷியோடு சேர்ந்து தேநீர் குடித்திருக்கிறோம், என்ன பேசினோம் என்று யோசித்தால், பாதி நாள் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான்.

நான் பிரிக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் நீலப் பூவின் பக்கம் வந்தது. செடி எண் நானூற்றுப் பன்னிரண்டு, நீலப் பூ, ஆறு வளையும் இடத்தில் கவிழ்த்த படகு மாதிரி ஒரு பாறை, அதன் வடக்கு முகம். நானூற்று இருபத்தொன்று, வெள்ளைப் பூ, மலை உச்சி. போய்த் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நீலப் பூத் தாளில் உச்சியின் சீட்டு, வெள்ளைப் பூத் தாளில் ஆற்றின் சீட்டு. இரண்டும் அவர் கையெழுத்து, எண்ணும் இடமும் மட்டும், பூவின் நிறம் இல்லை. ஒட்டியது நான். தாளைத் திருப்பினால் ஒட்டிய தேதி. பெரியவளே, அது நீ மதிலில் இருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட நாள். பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேசையில் இரண்டு செடி, இரண்டு சீட்டு. எது எதோடது என்று பார்க்காமல் அவசரத்தில் அழுத்திவிட்டு ஓடிவந்திருக்கிறேன். செடியைச் சுற்றி வந்த, எண் எழுதியிருந்த செய்தித்தாளைக் குப்பையில் போட்டாயிற்று. டாக்டரம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எழுந்து வந்து முந்நூறு தாளுக்கு நடுவில் நான் ஒட்டிய சீட்டை நம்பித்தான் எழுதினார். என்னை நம்பித்தான் மூன்று தரம் அந்த மலையில் ஏறினார்.

உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ கட்டுப் போட்ட கையோடு ஐஸ் வேண்டும் என்று அழுதாய், வாங்கிக் கொடுத்தேன், அது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரிக்கும்போது கிழிந்துவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள். எட்டாம் நாள் உன் அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, வா, உங்க ஆபீசு வாசல் வரைக்கும் நானும் வரேன் என்றார், அந்த முழங்காலோடு. எங்கள் காப்பக இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, அந்த மூணு பயணத்துல வேற ரெண்டு புதுச் செடி கிடைச்சுதும்மா, வீணாப் போகலை என்றார். அது அவங்க பெருமை சார், என் தப்புக்குச் சமாதானம் இல்லை என்றேன். என் வாய்தான் தெரியுமே உனக்கு.

கண்ணாடிக்காரப் பெண் மறு வாரமே கிளம்பிப் போனாள். ஆறு வளைகிறது, படகு கவிழ்ந்து கிடக்கிறது, வடக்கு முகத்தில் பதினோரு செடி, எல்லாம் பூவோடு. அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணி ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபடி பென்சிலால் எழுதிய அரை வரி, இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு பெண்ணை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. பட்டியலில் நீலப் பூ இருக்கிறது. நம்புவதற்கில்லை என்ற அந்த வரியைச் சேர்க்கவில்லை.

எங்கள் காப்பகத்தில் பழைய சீட்டைப் பிய்க்கக் கூடாது, தப்பாக இருந்தாலும் அது அங்கேயே இருக்கும். பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி, காரணம் எழுதிப் பேர் போட வேண்டும். நீங்கதான் போடணும், கண்டுபிடிச்சது நீங்கதானே என்றாள் அந்தப் பெண். மாத்தி ஒட்டினதும் நான்தானே என்றேன். ரெண்டையும் எழுதுங்க என்றாள். முப்பத்தொரு வருஷம், நாற்பதாயிரம் தாள். ஒட்டுகிறவள் பேரை எதிலும் போடுகிற வழக்கம் இல்லை. இந்த இரண்டு தாளில் மட்டும் இருக்கிறது, டாக்டரம்மாவின் கையெழுத்துக்கு நாலு விரல் கீழே, நான் செய்த தப்போடு.

குளிருக்குக் காதை மூடிக்கொள், குட்டிக்கு ஊசி போடும் தேதியை மறந்துவிடாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, நிறைந்த மனசோடு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியாட்களைக் காப்பகத்துக்குள் விடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் உள்ளே வராத உன் அப்பா, என் பேரைப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்திருக்கிறார்.

உன் பிரியமுள்ள,
அம்மா