குதிகால் கொப்புளம் ஆறட்டும்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து மேலும் கீழும் ஆடுகிறது, பொறுத்துக்கொள். இத்தனை வயதுவரை பெயிண்ட் பிரஷ் பிடித்த கை. பேனா அதற்குத் தீக்குச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. மாலை வகுப்பு டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. இதுவரை நீ படிக்க நான் கேட்டேன். இனி நான் எழுத நீ படி.

போனில் பேசலாமே என்பாய். அங்கே மகள், மருமகன், பேத்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். எனக்கு உன்னிடம் மட்டும் பேச வேண்டும்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போனவள், மகளோடு சேர்ந்து ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, தினமும் ஓட ஆரம்பித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பும் பெருமையும். குதிகாலில் ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் இன்னொன்று வருகிறது, இப்படியே போனால் பந்தயத்தை விட்டுவிட்டு முன்னாடியே வந்துவிடுவேன் என்றாய். போனை வைத்ததும் உன் தலையணைக்கு உறை மாற்றினேன்.

என் கதையைக் கேள். நீ வந்ததும் கூட ஓடலாம் என்று, போன மாதம் மருமகன் இங்கே விட்டுப்போன பழைய ஷூவைக் காலுறை இல்லாமல் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரை ஓடினேன். எதிர்வீட்டுத் தையற்காரர், "ஓடியே போய் அம்மாவைப் பிடிச்சிடலாம்னு பாக்கறீங்களா?" என்றார். திரும்பும்போது நொண்டினேன். சுவரில் பெயிண்ட் உப்பினால் சுரண்டி எடுத்துவிட்டுத்தானே மறுபூச்சு? அந்தப் புத்தியில் கொப்புளத் தோலை உரித்துவிட்டேன். "உரிக்கச் சொன்னது யாரு? அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி" என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா வைதார்.

ஆகவே நீ உரிக்காதே, ஊசியால் குத்தாதே. சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடை. கொஞ்சம் வாசலின் தடவி, இறுக்காமல் கட்டுப் போடு, நனைந்தால் மாற்று. வலி போகும்வரை ஓடாதே. பிறகு உலர்ந்த காலுறை போடு, கடிக்கிற ஷூவைத் தள்ளு. சிவந்தாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போய்விடு.

இதை எழுதாமல் இருந்தால் நீ சீக்கிரம் வந்திருப்பாய். அது தெரிந்துதான் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. ஆனால் பாதியில் விட்டுவிட்டு, முகம் வாடி நீ வாசலில் வந்து நிற்பதை நினைத்தேன். அப்படி வேண்டாம். ஓடி முடித்துவிட்டே வா.

இங்கே குறை ஒன்றுமில்லை. ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். கழுவுகிற வேலை மிச்சம்.

கால் ஆறி, நலமாய் இரு. அடுத்த வாரமும் எழுதுவேன். அது வந்து சேர்வதற்குள் நீ கிளம்பியிருந்தால், கடிதம் ஆளைக் காணாமல் ஏமாறட்டும்.

உன் வீட்டுக்காரன்