சோடாவுக்குக் கேட்ட பங்கு

அன்பு மகள் அஞ்சலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கொழும்பில் நீ காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அப்பாவின் புண் ஆறி வருகிறது என்று போனில் சொன்னது, அவர் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்லச் சொன்னது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் மகள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், காய்ச்சல் இல்லை, கொஞ்சம் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு மில்ரன் கொழும்புக்கு வருகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். பாதியில் அழுதுகொண்டு போன் எடுக்காதே, முழுவதையும் வாசி.

நத்தார் பண்டிகைக்கு வந்தபோது நீ கோயில் சுவாமியிடம் சொல்லிவிட்டுப் போன யோசனை கோயில் சபையில் தோற்றது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். றெனால்ட் கடையில் விற்கிற ஒவ்வொரு இனிப்புச் சோடாவுக்கும் கொஞ்சம் கூட்டி வாங்கி, அந்தக் காசில், இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரரை மன்னார் கிளினிக்குக்கு ஏற்றிப்போக வாகனம் பிடிக்கலாம் என்றாயே, அதைப் பூசை முடிந்து சுவாமி வாசித்தார். மீன் நிறுக்கும்போது ஒருவரும் கேட்காமலே கோயில் பங்கை எடுத்து வைக்கிற சனம், இதற்கு எப்படிக் கொதித்தது தெரியுமா. அரசாங்கம் எடுக்கிற வரி காணாதெண்டு இனிக் கோயிலும் எங்கட தொண்டைக்குள்ள கை விடப்போகுதோ என்று றெனால்ட் கேட்டான். அந்தோனிமுத்து அண்ணர், அப்ப சாராயத்துக்கும் போடுங்கோ சுவாமி, ஒரு வருசத்தில கோபுரம் எழும்பிடும் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளோடு வந்திருந்த கிருஷிகா மட்டும் சிரிக்கவில்லை. கிணத்துத் தண்ணி உப்பு, வாயில வைக்கேலாது, தண்ணி லொறி வந்தால் வரும் வராட்டி இல்லை, பிள்ளையள் வேற என்னத்தைக் குடிக்கிறது எண்டு அஞ்சலாவைக் கேட்டுச் சொல்லுங்கோ என்றாள். அதற்கு உன்னிடம் மறுமொழி இருந்தால் சொல்.

பிறகு அப்பா எழும்பினார். இதைத்தான் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. இது என்ர மகள் கேட்டது, அவள் படிச்சவள், நல்லதுக்குத்தான் கேட்டவள், ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவனுக்குத்தான் வரி வேணும், எனக்கும் சீனி வருத்தம்தான், நான் வாயைக் கட்டுவன் என்றார். கை தட்டினார்கள். அவர் கீழே இருந்த பிறகு பார்த்தேன், நின்ற இடத்தில் சீமெந்து ஈரமாய்க் கிடந்தது. சிப்பி வெட்டின காலுக்கு நான் காலையில் சுற்றிவிட்ட துணி ஊறி வடிந்திருக்கிறது. ஒருவரும் காணமுன்னம் பாயின் ஓரத்தை இழுத்து அதை மூடிவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால் அப்படிச் சொன்ன மனுசன் பிறகு கிளினிக் வரிசையில் எப்படிப் போய் நிற்பார். நான் கூப்பிட்ட நேரமெல்லாம், ஊர் பாத்தால் என்ன கதைக்கும் எடித் என்று புண் தெரியாமல் சாரத்தைக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். காய்ச்சல் ஏறி, ஆளை ஆள் தெரியாமல் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். முந்தியே வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

சனத்தை நான் குறை சொல்லமாட்டேன். வாகனம் கேட்காமலே வாசலுக்கு வந்தது. அன்றைக்குக் கடலுக்குப் போன அத்தனை வள்ளக்காரரும் தங்கள் பங்கில் அள்ளித் தந்தார்கள், றெனால்ட்தான் ஆஸ்பத்திரியில் என்னோடு நின்றான். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதே, ஆளுக்கொரு சோடாப் போத்தலும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே, கால் இல்லாத பக்கமாய் அடுக்கி வைத்திருக்கிறேன். ஆசையாய்த் தந்ததை எறியவும் மனம் வருகுதில்லை, வருகிறவர்களுக்கே உடைத்து ஊற்றிக் கொடுக்கிறேன், அவர் அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

போன ஞாயிறு சுவாமி அந்த யோசனையை மறுபடியும் சபையில் எடுத்தாராம். இந்த முறை ஒருவரும் பகிடி விடவில்லை. அப்பாவின் பேரைச் சொல்லி, அமிர்தநாயகம் வேண்டாமெண்ட விசயம், மனுசன் படுக்கையில கிடக்கேக்க அவனை மீறிச் செய்யிறது மரியாதை இல்லை என்று அந்தோனிமுத்து அண்ணர் சொல்ல, எல்லோரும் ஓம் என்று கலைந்துவிட்டார்கள். அண்ணர் நேரே இங்கேதான் வந்தார். உன்ர சொல்லைக் காப்பாத்திப்போட்டம் நாயகம் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார், நான் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போனார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பின்னேரம் வரைக்கும் திரும்பவில்லை. பிறகு, மகளை ஒருக்கா வரச்சொல்லு, சக்கரக் கதிரையை அவள்தான் தள்ளவேணும், நான் சபைக்குப் போய் இந்தக் காலைக் காட்டவேணும் என்றார்.

காலையில் இனிப்புப் பணிஸைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதே, உனக்கும் அவருடைய இரத்தம்தான், ஒருக்கா சோதித்துப் பார். மடு மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். அடுத்த கூட்டம் முதல் வெள்ளி பூசைக்குப் பிறகு, அதற்கு முன்னம் லீவு எடு. அப்பாவுக்கென்று ஒன்றும் வாங்காதே, இந்த முறை வெறுங்கையோடு வா மகள்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா எடித்