உப்பின் மேல் போன வண்டி

கொல்சானி,
கார்னிவல் செவ்வாய், காலை

அன்புள்ள தியோதோரோவுக்கு,

நான் நலம், பட்டியில் லாமாக்களும் நலம். கூரையில் ஒழுகும் இடம் மட்டும் வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருக்கிறது. உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் முகமூடி கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிடுவதற்கு அதைக் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் மகன் எஃப்ராயினின் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவன் கலாமாவில், உங்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பான். திட்டாதீர்கள். முதலில் அவனுக்குச் சூடாக ஏதாவது கொடுத்துவிட்டுப் பிறகு மேலே படியுங்கள்.

போன வாரம் டென்மார்க்கிலிருந்து ஒரு ஜோடி நம் வாசல் அறையில் வந்து தங்கியது. அவன் பெயர் எஸ்பென், அவள் கிர்ஸ்டன். வந்ததிலிருந்து அவர்களுக்கு எல்லாமே அதிசயம்தான். சுவர் நிஜமாகவே உப்புக்கட்டியா என்று அவன் நாக்கால் நக்கிப் பார்த்தான். கோடைக்காலம் என்று நம்பி மெல்லிய சட்டைகளோடு வந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் போர்வை மேல் போர்வையாகக் கேட்டார்கள். உப்புக்கண்டம் போட்ட இறைச்சியை அவள் செருப்புத் தோலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வாசற்படிக்கு அடியில் நாம் புதைத்த லாமாக் கருவைப் பற்றி, பக்கத்து வீட்டு ப்ரிமித்திவா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் படியை மிதிக்காமல் தாண்டியே போய் வந்தாள். வீட்டைத் தாங்குவதே அதுதான் என்று அவளுக்கு நான் எந்த மொழியில் சொல்வது?

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு மறியல் வந்தது. தண்ணீர்க் குழாய் கேட்டு நம் ஆட்கள் ரயில் பாதையிலும் சாலையிலும் கல்லை உருட்டிப் போட்டுவிட்டார்கள். நானும் ஒரு கல் உருட்டினேன், மறிக்கிறவர்களுக்குக் கஞ்சியும் கொண்டுபோனேன். இது எப்போது முடியும் என்று எஸ்பென் கேட்டான். முடியும்போது முடியும் என்றேன். அவனுக்கு அதுவும் அதிசயமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வந்த மலைநோய் மட்டும் இறங்கவே இல்லை. வழக்கமாக எல்லோருக்கும் இரண்டொரு நாள் தலைவலி, வாந்தி, அப்புறம் சரியாகிவிடும். இவளுக்குக் கோக்கா இலைக் கஷாயம் கேட்கவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் வருகிறது. பேச்சும் குழறுகிறது. கீழே இறக்கினால் பிழைப்பாள். மறியல்காரர்களிடம் கெஞ்சினேன். நோயாளிக்கு வழி விடுகிறோம் என்றார்கள், பாவம். ஆனால் அந்தச் சாலை போகும் பொத்தோசி இன்னும் உயரத்தில் இருக்கிறது. இறக்கம் என்றால் உங்கள் பக்கம்தான். இந்த உப்பு வெளியைக் கடந்து, ஒயாகுவே எல்லை தாண்டி, கலாமா.

இன்று பூமித்தாய்க்குப் படைக்கிற நாள் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றே எல்லா வண்டிக்கும் தோரணம் கட்டியாகிவிட்டது. வண்டி வைத்திருக்கிற மக்காரியோவிடம் போய், அவளைக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டேன். காலையிலேயே சாராய வாசனை. “இன்னைக்கு எல்லாம் அவளுக்குத்தான், அக்கா. சக்கரம், மண்வெட்டி எதையும் தொடப்படாது. நேத்து கேட்டிருந்தா போயிருப்பேன், நாளைக்குக் கேட்டாலும் போவேன். பூமித்தாய் விருந்துக்கு உக்காந்திருக்கா. அவ தட்டு மேல எவனாவது வண்டி ஓட்டுவானா?” என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. மழை பெய்து, உப்பு முழுக்கக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. வழிக்கு அடையாளமான துனுப்பா மலையையே மேகம் மூடிவிட்டது. உப்புத் தோல் உடைந்து, வண்டியையே விழுங்கும் கண்கள் எங்கெங்கே திறந்திருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் மகன்தான் கேட்கவில்லை. “அம்மா, அந்தப் பொண்ணு உதடு நீலமாயிடுச்சு. நாளை வரைக்கும் தாங்காது. விருந்துக்கு உக்காந்தவ, உசுருக்குப் போற ஒரு வண்டிக்காகக் காலை மடக்கிக்க மாட்டாளா? அப்பா இருந்தா போயிருக்க மாட்டாரா?” என்றான். கடைசிக் கேள்வியில்தான் நான் தோற்றேன். நீங்கள் போயிருப்பீர்கள்.

அவனிடம் ஒரு பாட்டில் கரும்புச் சாராயம் கொடுத்திருக்கிறேன். உப்பின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் ஊற்றி, மீதியைப் பூமித்தாய்க்குக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சொன்னேன். எஸ்பென் பாட்டிலைப் பார்த்து முகம் வெளுத்துப்போனான். “டிரைவர் குடிக்கிறது?” என்று அரைகுறை மொழியில் கேட்டான். “குடிக்க இல்லப்பா, குடுக்க” என்று தரையைக் காட்டினேன். தலையாட்டினான். போகிற போக்கில் அவனுக்கு இன்னொரு அதிசயம்.

வெள்ளை லாமாவின் காதிலிருந்த சிவப்புக் கம்பளி நூலை அவிழ்த்து வண்டிக் கண்ணாடியில் நானே இறுக்கிக் கட்டினேன். பயமாக இருக்கிறது, தியோதோரோ. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. வெளியே ஹார்ன் அடிக்கிறான். முடிக்கிறேன்.

பூமித்தாய் உங்களையும், உங்கள் எதிரில் நிற்கிறவனையும் காக்கட்டும்.

உங்கள்
இலாரியா


கொல்சானி,
தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள தியோதோரோவுக்கு,

மறியல் முடிந்துவிட்டது. குழாய் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், பார்க்கலாம். இன்று முதல் ரயில் போகிறது. ரயில் கார்டு கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

என் முதல் கடிதம் கிடைத்ததா?

கிடைத்திருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு, பைத்தியக்காரி என்று என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள். அந்த மழையோடு வந்த புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது, இன்னும் கட்டவில்லை. உங்களிடமிருந்து சேதி இல்லாததற்குக் காரணம் கம்பிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர்கள் போன பிறகு வாசல் அறையைப் பெருக்கவே எனக்கு மனம் வரவில்லை. போன வாரம்தான் கட்டிலை நகர்த்தினேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில், எஸ்பெனின் துண்டில் சுற்றி, அந்தப் பாட்டில் இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. டிரைவர் குடித்துவிடுவான் என்று பயந்து, வண்டியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சாகக் கிடந்த பெண்டாட்டியைக் காப்பாற்றத்தான் அவனும் பார்த்தான்.

அன்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. சொன்னபடி ஊற்றுகிறான் என்று நினைத்து, மனம் ஆறி உள்ளே வந்துவிட்டேன். பாட்டிலைத் தேடித்தான் நின்றிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. பின்னால் அந்தப் பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்திருப்பாள். திரும்பி வந்து வாங்கிப் போக நேரமில்லை என்று வெறுங்கையோடு இறங்கிவிட்டான். நான் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தால், ஒரு தடவை கையசைத்திருப்பானோ என்னவோ.

பாட்டிலை எடுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினேன். “லேட்டாயிடுச்சுன்னு கோவிச்சுக்காதே தாயே, அவன் மறக்கல” என்று சத்தமாகவே சொன்னேன். ப்ரிமித்திவா வந்து கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். ப்ரிமித்திவா பேசாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மக்காரியோ தன் வண்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றின இடமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ரேடியோவிலும் சொல்லச் சொன்னேன். ஆட்டுச் சந்தை சேதிக்கும் கல்யாணச் சேதிக்கும் நடுவில், “எஃப்ராயின் யுக்ரா எங்கே இருந்தாலும் அம்மாவுக்குத் தகவல் சொல்லவும்” என்று வாசித்தார்கள். உப்பின் அந்தக் கரையில் இருக்கிற மேய்ப்பர்கள் எல்லோரும் கேட்கிற நிலையம். ஒருவரும் பதில் அனுப்பவில்லை.

இன்னும் ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். போன வியாழன் காற்று திரும்பி, மேற்கிலிருந்து உப்பின் மேலாக வீசியது. காலையில் கரையோரம் காகிதத் தோரணம் ஒதுங்கியிருந்தது. மஞ்சள், பச்சை, உப்பு படிந்து விறைத்துப் போயிருந்தது. மக்காரியோ அதைக் காலால் தள்ளிவிட்டு, “ஊர்ல எல்லா வண்டிக்கும் இதே தோரணம்தானே, அக்கா, கட்டினோம். காத்து எங்கேருந்து வேணாலும் கொண்டாரும்” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவன் சொல்வது சரிதான். தோரணம் எல்லா வண்டியிலும் உண்டு. சிவப்புக் கம்பளி நூல் நம் வண்டியில் மட்டும்தான் உண்டு. அது இதுவரை ஒதுங்கவில்லை. தினமும் விடிந்ததும் கரையோரம் நடந்து தேடுகிறேன். அது கிடைக்காத ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல நாள். வீட்டுக்கு வந்து அவன் பங்குக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுகிறேன்.

எனக்கு நீண்ட கடிதம் வேண்டாம். உங்கள் வாசலுக்குப் போய், வண்டிக் கண்ணாடியில் அந்த நூல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். இருந்தால் அவிழ்க்க வேண்டாம். வண்டி அங்கேயே கிடக்கட்டும், பையனை ரயிலில் ஏற்றி அனுப்புங்கள். அந்த டேனிஷ் பெண் பிழைத்துக்கொண்டாளா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். ஊருக்குப் போய்ச் சொல்ல அவளுக்கு எத்தனையோ கதைகள் இருக்கும்.

பூமித்தாய் உங்களை நல்லபடி வைக்கட்டும். இந்த வருஷத்துக்கு என் கையிலிருந்து அவளுக்குப் போக வேண்டியது போய்விட்டது. இனி அவள் பசியோடு என் வாசலைப் பார்க்காமல் இருக்கட்டும்.

உங்கள்
இலாரியா