வெட்டி எடுத்த ஏழு நொடி

பீரோவின் அடித்தட்டிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். பிளாஸ்டிக்கும் அந்துருண்டையும் கொஞ்சம் புழுக்கமும் கலந்த பழைய கேசட் வாசனை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கேசட்டுகள் ஒவ்வொன்றின் முதுகிலும் உன் கையெழுத்தில் ஊர், மண்டபம், மாதம். அதில் ஒன்றைப் பதினெட்டு வருடமாக நான் தொட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை தொட்டேன். ஒரு பெண் கடைக்கு வந்து கேட்டதால் தொட வேண்டியதாகிவிட்டது.

அதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே உன்னோடு பேசியிருக்க வேண்டிய விஷயம். நீ போய் ஒன்பது மாதமான பிறகுதான் எனக்கு வாய் வருகிறது.

கோவில்பட்டியில் நாம் இருவரும் ஸ்டூடியோ போட்டபோது நம்மைத் தனித்தனியாக யாரும் நினைத்ததில்லை. நீ போட்டோ, நான் வீடியோ. ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றாலும், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்றாலும் உன் டிவிஎஸ் வண்டியில்தான் போவோம். ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. நீ இறங்கிக் குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி எடுப்பாய். நான் கேமராப் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன்.

மண்டபத்துக்குள் போனதும் நான் லைட் எங்கே நிறுத்துவது என்று பார்ப்பேன். நீ நேரே பெண்ணிடம் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாய். முகூர்த்தத்தன்று பெண் சாப்பிட்டிருக்கவே மாட்டாள். யாருக்கும் அது நினைவிருக்காது. சமையல்கட்டுக்குப் போய் இரண்டு இட்லி வாங்கி வந்து, யாராவது ஒரு சித்தியை ஊட்டிவிடச் சொல்வாய். "பசிச்ச மூஞ்சிய எந்த லைட்டும் காப்பாத்தாதுலே" என்பாய். யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டில் சமீபத்தில் துக்கம் என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொள்வாய். பேசாமலிருக்கிற அண்ணன் தம்பியை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு முழிக்கிற வேலையெல்லாம் உன்னிடம் கிடையாது.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பெருமைதான். நான் தாலியை விட்டதில்லை. மூன்று முடிச்சும் என் டேப்பில் இருக்கும். ஊரே எழுந்து நின்று மறைத்தாலும் இருக்கும்.

அந்தக் கல்யாணம் உனக்கும் மறந்திருக்காது. பெண்ணுடைய அக்கா மகள், ஐந்து வயது, பெயர் மகா. ரோஸ் நிறத்தில் வலைத்துணி வைத்துத் தைத்த கவுன். காலையிலிருந்தே உன் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தாள். "மாமா, என்ன எடு, என்ன எடு" என்று கேட்டுக் கேட்டு, உன் படங்களில் பாதி அவள்தான்.

கெட்டிமேளம் என்றார்கள். மணவறையைச் சுற்றி எல்லோரும் எழுந்து முன்னால் நெருங்கினார்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகா, நெருக்கத்துக்குப் பயந்து எழுந்து பின்னால் நகர்ந்தாள். கவுனின் விளிம்பு விளக்கின் மேல் போய் விழுந்தது.

நான் பார்த்தேன். இதைத்தான் உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கண் ஓரத்தில் ஏதோ மினுங்க, கேமராவோடு திரும்பினேன். கவுனில் விரல் நீளத்துக்குத் தீ. அது தீ என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கே இன்னும் தெரியவில்லை. அப்போது மேளம் உச்சத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போயிற்று. நான் கேமராவைத் தாலிக்குத் திருப்பினேன்.

யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படி எதையும் நினைக்கவில்லை. தாலி என்று மட்டும்தான் நினைத்தேன்.

நீ எதிர்ப்பக்கம் நின்றாய். கேமராவை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தாய். எனக்கும் தாலிக்கும் நடுவே நீ குறுக்கே ஓடினாய். பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். வெறும் கையாலேயே அந்த வலைத்துணியைப் பிடித்துக் கிழித்திருக்கிறாய். அது உருகி உன் விரல்களில் ஒட்டியிருக்கிறது. விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பிள்ளையை அதற்குள் போட்டு அமுக்கியிருக்கிறாய். அவளுக்குக் கெண்டைக்காலில் மட்டும் காயம். உனக்கு வலது கை.

உன்னையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்தார்.

"தாலி கட்டுற போட்டோ இருக்கா?"

"போட்டோ இல்ல அண்ணாச்சி. வீடியோல இருக்கு. மூணு முடிச்சும் இருக்கு."

"நீங்க தீயப் பாக்கலையா?"

"இல்ல அண்ணாச்சி. என் கண்ணு தாலியிலதான் இருந்துச்சு."

அவர் என் தோளில் தட்டினார். "அதுதான்யா தொழிலு. அந்தத் தம்பி புள்ளையக் காப்பாத்துனாரு, இல்லங்கல. ஆனா போட்டோவுக்குன்னு வந்த ஆளு போட்டோவ விடலாமா? பக்கத்துல நூறு பேரு நின்னாவல்லா?"

நூறு பேரில் முதலில் பார்த்தவன் நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். தோளில் அவர் கை இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் நீ கையில் கட்டோடு கடைக்கு வந்தாய். டேப்பைப் போடச் சொன்னாய். அந்த இடம் வந்தது. தாலி. கேமரா இடப்பக்கம் திரும்புகிறது. பிள்ளை, தீ. கேமரா மறுபடி தாலிக்கு வருகிறது. நீ குறுக்கே ஓடுகிறாய், உன் முகம் திரை முழுவதும். மேளச் சத்தத்துக்கு மேல், மைக்குக்கு மிகப் பக்கத்தில், என் குரல்: "ஏலே, மறைக்காத!"

நீ திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாய்:

"இந்த இடத்த வெட்டிரு. அந்தப் புள்ளையோட அம்மா பாத்தா தாங்க மாட்டா."

"சரிலே" என்றேன்.

"தண்ணி இருக்கா?" என்றாய். கொண்டுவந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தாய். வீட்டுக்குக் கொடுக்கும் சிடியிலிருந்து ஏழு நொடியை நான் வெட்டி எடுத்தேன்; கேசட்டில் மட்டும் அது அப்படியே இருந்தது. நம் இருவருக்கும் நடுவில் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். அந்த ஏழு நொடியை யாருக்காக வெட்டச் சொன்னாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஊர் உனக்கு ஒரு பெயர் வைத்தது: தாலியை விட்டவன். கேலியாகத்தான் சொன்னார்கள், ஆனால் கல்யாண வீட்டில் கேலிகூடச் சகுனமாகிவிடும். "நீங்க மட்டும் வாங்க அண்ணாச்சி, போட்டோவுக்கு வேற ஆளு சொல்லிக்கிடுதோம்" என்று ஒருவர் வந்து கேட்டார். உன்னிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றாய். இரண்டாவது ஆள் வந்து கேட்டபோது உன்னிடம் சொல்லாமலே போனேன். மூன்றாவதுக்குப் பிறகு நீயே, கழுகுமலையில் சொந்தக்காரர் கடை ஒன்று காலியாக இருக்கிறது என்று சொன்னாய். பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும். உன் ஆள்காட்டி விரல் மடங்காமல் போயிருந்தது. நடுவிரலால் பட்டனை அழுத்தப் பழகியிருந்தாய்.

கழுகுமலையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது உன் கடைக்கு வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தாய். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது நீ ஏதோ சொல்ல வந்து, "பாத்துப் போலே. ரோட்டுல மக்காச்சோளம் காயப் போட்டிருக்காவ" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்காவது நான் பேசியிருக்கலாம். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்தேன்.

நீ இறந்த செய்தி வந்தபோதும் நான் ஒரு கல்யாணத்தில்தான் இருந்தேன். முகூர்த்தம் முடியட்டும் என்று இருந்து, முடித்துவிட்டுப் புறப்பட்டேன். கழுகுமலைக்கு வந்து சேர்ந்தபோது உன்னைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் மனைவி என்னைப் பார்த்து, "வாங்க அண்ணே" என்றாள்.

போன மாதம் போட்டோ, வீடியோ சங்கத்துக்காரர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தி, நல்ல கல்யாண போட்டோகிராபர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். லைட்டைப் பற்றிச் சொன்னேன். பொறுமையைப் பற்றிச் சொன்னேன். பெண்ணிடம் முதலில் "சாப்பிட்டியா" என்று கேட்க வேண்டும் என்று, உன் வார்த்தையை என் வார்த்தை போலச் சொன்னேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள்.

"அண்ணாச்சி, நான் மகா. எங்க சித்தி கல்யாணத்துல தீப்பிடிச்ச புள்ள" என்றாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறாளாம். தை மாதம் கல்யாணம். முதல் பத்திரிகையை உன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி, கழுகுமலைக்குப் போய் வந்திருக்கிறாள்.

"கழுகுமலை அத்தை வீட்டுல ஆதார் போட்டோவப் பெருசு பண்ணி மாட்டிருக்காவ. அதுல அந்த மாமா மொகமே சரியாத் தெரியல. அவிய கல்யாண போட்டோவும் செல்லரிச்சுப் போச்சாம், வேற போட்டோவே எடுத்துக்கிட்டதில்லையாம். எனக்கு அவிய மொகம் ஞாபகமே இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு வீடியோ நீங்கதான எடுத்தீங்க? அதுல இருப்பாவளா?"

வீட்டுக்குக் கொடுத்த சிடியில் நீ இல்லை என்று அவளுக்குத் தெரியும். பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் நம் ஆல்பங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். எத்தனையோ கல்யாணம். ஒன்றில்கூட உன்னை நான் எடுத்து வைக்கவில்லை. உன் முகம் இருப்பது அந்த ஏழு நொடியில் மட்டும்தான்.

"இல்லம்மா" என்றுதான் முதலில் சொன்னேன். அவள் சரி என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சேலைக் கரையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபோது கெண்டைக்காலில் தழும்பு தெரிந்தது. "இரு தாயி" என்றேன்.

பழைய கேமரா இன்னும் ஓடுகிறது. டிவியில் இணைத்துப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் தடவை உன் முகத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். வாய் திறந்திருக்கிறது, தலைமுடி பறக்கிறது, ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூன்றாம் தடவை முதலிலிருந்து போடச் சொன்னாள்.

முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள். "மறைக்காதன்னு சொன்னது நீங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி என்னப் பாத்துருக்கீங்க."

"பாத்தேன். தீயையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் திரும்புனேன்."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அதைச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. போனில் ஏற்றித் தரச் சொன்னாள். என் புத்தியைப் பார், அப்போதும் கேட்டேன்: "மாமா ஓடி வார இடத்த மட்டும் வெட்டித் தரட்டாம்மா? சத்தம் இல்லாம?"

"வேண்டாம் அண்ணாச்சி. முழுசாத் தாங்க. அவிய எதத் தாண்டி வந்தாவன்னு தெரியணும்லா."

ஏற்றிக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பி, "இதப் பத்தி அவியகிட்ட எப்பமாவது பேசுனீங்களா?" என்றாள்.

"இல்ல."

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. பத்திரிகை மட்டும் மேசை மேல் இருக்கிறது.

நேற்று ஒரு முகூர்த்தம். இப்போது நானே போட்டோ எடுக்கிறேன், வீடியோவுக்கு வேறொருவர் வருகிறார். கெட்டிமேளம் என்றதும் என் கண் தாலியில் நிற்கவில்லை. விளக்குக்குப் போயிற்று. பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கேமராவை இறக்கிவிட்டுப் போய் அவர்களைத் தூக்கித் தள்ளி உட்கார வைத்தேன். திரும்பி வருவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஏன் நகர்த்தினேன் என்று தெரியாமல் என்னை முறைத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மொத முடிச்சு எங்க?"

தீ, பிள்ளை, நீ என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு முழுக் கதை இருந்தது. சொன்னால் அவரும் தோளில் தட்டியிருப்பார்.

"விட்டுட்டேன்" என்றேன்.